தொட்டிச் செடியில் மண்புழு விடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரசாயனம் எதுவும் போடாமல், மட்கு உரமும் தொழு உரமும் கலந்த மண்ணில் தொட்டிச் செடி வளர்ப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் மண்புழு ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது. பல வருடங்களாகத் தொட்டிகளைக் கவிழ்த்துப் பார்த்ததில் தெரிந்துகொண்டதை, என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்குப் பதிலாக இங்கே எழுதுகிறேன்.

விடலாமா, கூடாதா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

தொட்டி பெரிதாக இருக்க வேண்டும். மண்ணில் எப்போதும் ஈரம் இருக்க வேண்டும். மேலே மூடாக்கு, அதாவது மண்ணை மூடும் காய்ந்த இலை, வேண்டும். தொட்டியின் பக்கவாட்டில் உச்சி வெயில் அடிக்கக் கூடாது. இந்த நான்கும் இருந்தால் தாராளமாக விடலாம். ஒன்று குறைந்தாலும் புழுவை விட வேண்டாம், மண்புழு உரத்தை மட்டும் போடுங்கள். செடிக்குக் கிடைக்க வேண்டியதில் பெரும்பகுதி அதிலேயே கிடைத்துவிடும்.

நிலத்தில் அவ்வளவு நன்மை செய்கிற புழுவைத் தொட்டியில் விட மட்டும் ஏன் இவ்வளவு யோசனை?

நிலத்தில் இருக்கும் புழுவுக்குப் போக இடம் இருக்கிறது. மேல்மண் சுட்டால் கீழே இறங்கும். தண்ணீர் தேங்கினால் மேட்டுப்பக்கம் நகரும். ஓரிடத்தில் தீனி தீர்ந்தால் அடுத்த இடத்துக்குப் போகும். தொட்டியில் நாலு பக்கமும் சுவர்.

மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது. தோலால்தான் மூச்சு விடுகிறது. தோலின் மேல் இருக்கும் ஈரத்தில் ஆக்சிஜன் கரைந்து உள்ளே போக வேண்டும். அதனால் மண் காய்ந்தாலும் மூச்சு முட்டும், மண் சேறாகிக் காற்று இல்லாமல் போனாலும் மூச்சு முட்டும். கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி மதிய வெயிலில் நின்றால் ஓரத்து மண் எப்படிச் சுடுகிறது என்று விரலை விட்டுப் பாருங்கள். மட்குப் புழுக்களில் பலவற்றுக்கு 15 முதல் 25 டிகிரி செல்சியஸ்தான் சுகமான வெப்பம். வெப்பநாட்டு வகைகள் இன்னும் சில டிகிரி தாங்கும். 35-ஐத் தாண்டினால் எதற்குமே உயிருக்கு ஆபத்துதான்.

நான் முதன்முதலில் ஒரு கைப்பிடி புழுவைக் கொண்டுபோய் ஒரு கறுப்புத் தொட்டியில் விட்டேன். மூன்றாம் நாள் செடி வாடியிருந்தது, மண்ணைத் தட்டிக் கவிழ்த்தேன். ஓரத்து மண் பொரபொரவென்று உதிர்ந்தது. நடுவில், கொஞ்சம் ஈரம் மிச்சம் இருந்த இடத்தில், புழுக்கள் எல்லாம் ஒன்றோடொன்று பின்னி ஒரு முடிச்சாகச் சுருண்டு கிடந்தன. பாதிக்கு மேல் அசைவில்லை. அன்றைக்குப் பிறகு, மண்ணைத் தயார் செய்யாமல் எந்தத் தொட்டியிலும் நான் புழு விட்டதில்லை.

புழு செடியின் வேரைத் தின்றுவிடாதா?

தின்னாது. அதற்குப் பல்லே கிடையாது. மென்மையான வாயால் அழுகிய இலை, செத்த வேர், பூஞ்சை, பாக்டீரியா ஆகியவற்றை மண்ணோடு சேர்த்து விழுங்கும். உள்ளே அரைவைப்பை என்று ஒரு தசைப்பை இருக்கிறது. விழுங்கிய மணல் துகள்கள்தான் அங்கே அரைகல்லாக வேலை செய்கின்றன. உயிருள்ள வேரைக் கடிக்கும் சக்தி அதற்கு இல்லை.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். செடி வாடுகிறது, பிடுங்கிப் பார்க்கிறோம், வேரைச் சுற்றிப் புழு. உடனே பழி அதன் மேல் விழுகிறது. பெரும்பாலும் நடந்தது வேறு: தண்ணீர் அதிகமாகி வேர் முதலில் அழுகியிருக்கும், அழுகியதைத் தின்னப் புழு வந்திருக்கும்.

விதை முளைக்கிற தட்டுகளில் மட்டும் விட வேண்டாம். அங்கே புழு நகர்ந்தாலே நூல் போன்ற வேர் இடம் பெயர்ந்துவிடும்.

உண்மையிலேயே செடி நன்றாக வளருமா, அல்லது பேச்சுதானா?

வளரும், ஆனால் எப்படி என்று புரிந்துகொள்ள வேண்டும். இது குறித்து நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய தொகுப்பாய்வு 2014-இல் வெளிவந்தது. மண்புழு இருந்த மண்ணில் பயிர் விளைச்சல் சராசரியாக 25 சதவீதம் கூடியிருந்தது. ஆனால் நைட்ரஜன் உரம் ஏற்கனவே தாராளமாகப் போட்ட மண்ணில் அந்த லாபம் தெரியவில்லை.

இதில்தான் விஷயம் இருக்கிறது. மண்புழு புதிதாகச் சத்து எதையும் உண்டாக்குவதில்லை. இலையிலும் மட்கிலும் பூட்டிக் கிடக்கும் நைட்ரஜனைத் திறந்து, வேர் எடுத்துக்கொள்ளும் வடிவத்தில் கொடுக்கிறது. இலையோ மட்கோ இல்லாத மண்ணில் திறக்க ஒன்றும் இருக்காது. வெறும் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மணலும் நிரப்பிய தொட்டியில் புழு விட்டால் அது பட்டினி கிடக்கும், செடிக்கும் ஒன்றும் கிடைக்காது. முதலில் மண்ணுக்குச் சாப்பாடு, அப்புறம்தான் புழு.

மண் பொலபொலப்பாகும், காற்றோட்டம் வரும் என்பதும் உண்மை. ஆனால் தொட்டி மண்ணை நாம்தான் கலந்து நிரப்புகிறோம், முதலிலேயே பொலபொலப்பாகத்தான் இருக்கும். அதனால் நிலத்தில் கிடைக்கிற அளவு வித்தியாசத்தை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் மாற்றாமல் வைத்திருக்கும் பெரிய தொட்டியில், மண் இறுகத் தொடங்கும் காலத்தில், அந்த உதவி நன்றாகவே தெரியும்.

தொட்டியில் மண்புழுவால் நெடுநாள் வாழ முடியுமா?

முடியும். சார்லஸ் டார்வின் தன் வீட்டு அறையிலேயே மண் நிரப்பிய தொட்டிகளில் மண்புழு வளர்த்து, அவை எதைத் தின்கின்றன, எதற்குப் பயப்படுகின்றன என்று பார்த்தார். அதையெல்லாம் 1881-இல் எழுதி வெளியிட்டார். பியானோ சத்தத்தையோ ஊதுகுழல் சத்தத்தையோ புழுக்கள் கண்டுகொள்ளவே இல்லை. அதே தொட்டியைப் பியானோ மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியதும் சட்டென்று வளைக்குள் போய்விட்டன. காது கேட்காது, ஆனால் அதிர்வு உடம்பெல்லாம் தெரியும். நம் தொட்டிகளுக்கும் இது பொருந்தும். ஏசி இயந்திரத்தின் மேலோ, துணி துவைக்கும் இயந்திரத்தை ஒட்டியோ புழுத் தொட்டியை வைக்காதீர்கள்.

எந்தப் புழுவை விடுவது?

மண்புழு என்று ஒரே பெயரில் சொன்னாலும், வாழும் இடத்தை வைத்து மூன்று கூட்டமாகப் பிரிக்கிறார்கள்.

முதல் கூட்டம் மேல்மட்டப் புழு. இலைதழை அழுகும் இடத்திலேயே, மேலே சில அங்குலத்துக்குள் வாழ்வது. மண்புழு உரம் தயாரிக்க வளர்க்கும் ஐசீனியா ஃபெட்டிடா, யூட்ரிலஸ் யூஜினியே, பெரியோனிக்ஸ் எக்ஸ்கவேட்டஸ் எல்லாம் இந்த வகை. கருஞ்சிவப்பாக, சுறுசுறுப்பாக இருக்கும். அரை வயிறு சாப்பாட்டில் இவை இருக்காது. அழுகும் பொருள் தொடர்ந்து கிடைக்க வேண்டும். பொதுவாக வாங்கக் கிடைப்பவை இவைதான், தொட்டியில் விட்டதும் முதலில் செத்துப்போவதும் இவைதான்.

இரண்டாவது கூட்டம் மண்ணுக்குள்ளேயே பக்கவாட்டில் குடைந்து திரிந்து, மண்ணோடு கலந்த மட்கைத் தின்பவை. வெளிறிய நிறம், மெதுவான அசைவு. பெரிய தொட்டிக்கு இவைதான் பொருத்தம். இவற்றைப் பெரும்பாலும் வாங்க வேண்டியதே இல்லை. தோட்டத்து மண்ணோடும் பழைய மட்கோடும் தானாகவே வந்து சேரும். அப்படி வந்த புழுவைத்தான் நான் அதிகம் நம்புகிறேன், உங்கள் மண்ணுக்கு ஏற்கனவே பழகியது அது.

மூன்றாவது, செங்குத்தாக ஆழமான வளை தோண்டுபவை. லும்ப்ரிகஸ் டெரெஸ்ட்ரிஸ் ஒரு மீட்டருக்கும் மேல் ஆழத்துக்குப் போகும். எந்தத் தொட்டியும் அதற்குச் சிறைதான். விட வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தூண்டிலுக்கு விற்கும் புழு, எங்கிருந்து வந்தது என்று தெரியாத புழு இவற்றை வாங்கி விடாதீர்கள். கிழக்காசியாவிலிருந்து போன அமிந்தாஸ் என்ற குதிக்கும் புழுக்கள் வட அமெரிக்கக் காடுகளில் தரையை மூடியிருக்கும் இலைச் சருகையே தின்று தீர்க்கின்றன. தொட்ட மாத்திரத்தில் பாம்பு போலத் துள்ளும், மண்ணைக் காப்பித்தூள் போல உதிரி உதிரியாக்கிவிடும். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்த மண்ணை வெளியே கொட்ட வேண்டாம்.

ஒரு தொட்டிக்கு எத்தனை புழு? எவ்வளவு பெரிய தொட்டி?

வாய் அகலமும் ஆழமும் 30 சென்டிமீட்டருக்குக் குறையாமல், 20 லிட்டர் மண்ணாவது பிடிக்கிற தொட்டியாக இருக்கட்டும். அதில் நான் விடுவது நாலிலிருந்து ஆறு. அவ்வளவு போதும். தீனி இருந்தால் அவையே பெருகும். இல்லாத இடத்தில் ஐம்பது விட்டாலும் ஐந்துகூட மிஞ்சாது.

ஒவ்வொரு புழுவிலும் ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் இருக்கும். ஆனாலும் இனப்பெருக்கத்துக்குப் பொதுவாக இரண்டு வேண்டும். உடம்பைச் சுற்றித் தடித்த வளையம் தெரிந்தால் அது வளர்ந்த புழு என்று அர்த்தம். முட்டைக்கூடு கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக, இரண்டு முனையும் கூம்பி, குட்டி எலுமிச்சை போல இருக்கும். முதலில் மஞ்சளாக இருந்து, போகப் போகப் பழுப்பாகும். ஏதோ பூச்சி முட்டை என்று நினைத்து நசுக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து நசுக்காதீர்கள். ஐசீனியா வகையில் ஒரு கூட்டிலிருந்து இரண்டு மூன்று குட்டிப் புழுக்கள் வெள்ளை நூல் போல வெளியே வரும்.

எப்படி விடுவது?

முதல் நாளே தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி, உபரி வடிந்துபோக விடுங்கள். ஒரு பிடி மண்ணை எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக் கூடாது. சாயங்காலம், வெயில் இறங்கிய பிறகு, தண்டை விட்டுத் தள்ளி ஒரு சின்னக் குழி எடுங்கள். புழுவை மட்டும் பொறுக்கிப் போடாமல், அது இருந்த மண்ணிலும் ஒரு கைப்பிடி சேர்த்து வையுங்கள். மேலே ஈரச் சருகு.

குழியை மூடுவதற்கு முன் கொஞ்சம் நின்று பாருங்கள். மண் பிடித்திருந்தால் புழு தலையைக் கூர்மையாக்கி நுழையும், பிறகு உடம்பைச் சுருக்கிச் சுருக்கி உள்ளே இழுத்துக்கொள்ளும். சில நிமிடத்தில் வால் நுனியும் மறைந்துவிடும். அப்படியில்லாமல் மேலேயே நெளிந்து ஓரத்தைத் தேடிப் போனால் மண்ணில் ஏதோ சரியில்லை. புது எருவின் சூடாக இருக்கலாம், உப்பாக இருக்கலாம். எடுத்துவிடுங்கள், இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எந்தக் கருவியும் சொல்லாததை இந்த ஐந்து நிமிடம் சொல்லிவிடும்.

தீனியாக என்ன போடுவது? சமையலறைக் கழிவைப் போடலாமா?

காய்ந்த இலைதான் முதல் உணவு. இரண்டு அங்குலத்துக்கு மூடாக்காகப் போட்டு, குறையக் குறையச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். மாதம் ஒருமுறை ஒரு கைப்பிடி நன்றாக மட்கிய உரம். முட்டை ஓட்டை மாவாக இடித்து ஒரு சிட்டிகை தூவினால் அரைவைப்பைக்கும் ஆகும், மண்ணின் புளிப்பும் குறையும்.

சமையலறைக் கழிவு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு. சின்னத் தொட்டியில் வேண்டவே வேண்டாம். அழுகும்போது சூடு வரும், ஈ மொய்க்கும், அழுகல் முடிகிற வரை செடிக்குப் போக வேண்டிய நைட்ரஜனையும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொள்ளலாம். பெரிய டிரம் அல்லது நீளமான மரப்பெட்டி என்றால் ஒரு வழி இருக்கிறது. பக்கமெல்லாம் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் குழாயை நடுவில் செங்குத்தாகப் புதைத்து, காய்கறித் தோலைப் பொடியாக நறுக்கி அதற்குள் போட்டு மூடிவிடுங்கள். புழு ஓட்டை வழியாக உள்ளே போய்த் தின்றுவிட்டு மண்ணுக்குத் திரும்பும். எலுமிச்சை வகைத் தோல், வெங்காயம், பூண்டு, உப்பு, எண்ணெய், பால், இறைச்சி இவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

பச்சைச் சாணமும் ஊறாத புண்ணாக்கும் புழு இருக்கும் தொட்டியில் கூடாது. இரண்டும் புளிக்கும்போது சூடும் அம்மோனியாவும் வரும்.

இயற்கை முறைதானே, எந்த மருந்து வேண்டுமானாலும் அடிக்கலாம் அல்லவா?

இல்லை, இங்கேதான் பலர் தவறுகிறார்கள். பூஞ்சை நோய்க்கு அடிக்கும் போர்டோ கலவை போன்ற தாமிர மருந்துகளை இயற்கை விவசாயத்திலும் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். ஆனால் தாமிரம் மண்ணில் தங்கிக்கொண்டே போகும், மண்புழுவுக்கு அது விஷம். நிலத்திலாவது பரவிப் போகும், தொட்டியில் சொட்டியதெல்லாம் அங்கேயே சேரும். தெளிக்க வேண்டி வந்தால் மண்ணை ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடிவிட்டுத் தெளியுங்கள். கார்பென்டாசிம், கார்பரில் போன்ற ரசாயன மருந்துகள் புழுவை நேரடியாகவே கொல்லும். யாரோ கொடுத்த செடியை மண்ணோடு கொண்டுவந்தால், அந்த மண்ணில் என்ன ஊற்றினார்கள் என்று கேட்டுவிட்டு வையுங்கள்.

காலையில் பார்த்தால் புழு தொட்டிக்கு வெளியே காய்ந்து கிடக்கிறது. ஏன்?

முதல் ஓரிரு இரவு என்றால் புது இடத்தின் மிரட்சியாக இருக்கலாம். அந்த இரவுகளில் பக்கத்தில் மங்கலாக ஒரு விளக்கை எரிய விடுங்கள். கண் இல்லாவிட்டாலும் தோலால் வெளிச்சத்தை உணர்ந்து உள்ளேயே இருக்கும்.

அதற்குப் பிறகும் வெளியே வந்தால் அது மண் சொல்லும் புகார். பலத்த மழைக்குப் பிறகு என்றால் வடிகால் துளை அடைத்திருக்கிறது. மண்ணை முகர்ந்து பாருங்கள், அழுகல் வாடை வந்தால் காற்று இல்லை என்று அர்த்தம். ஒருமுறை தொட்டிக்கு அடியில் வைத்திருந்த தட்டில் நாலு புழு மிதந்ததைப் பார்த்தேன். துளை வழியாகக் கீழே வந்து, தேங்கிய தண்ணீரில் மாட்டிக்கொண்டவை. அன்றிலிருந்து துளைகளின் மேல் உட்புறமாகப் பழைய கொசுவலைத் துண்டைப் போட்டுவிடுகிறேன், தட்டில் தண்ணீரை நிற்க விடுவதில்லை.

எறும்பையும் பாருங்கள். வறண்ட தொட்டியில் எறும்பு கூடு கட்டினால் புழு அங்கே பிழைக்காது. இரண்டு மூன்று நாள் மண்ணை நன்றாக ஈரமாக வைத்தாலே எறும்பு பெரும்பாலும் வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

தொட்டியில் நெளிவதெல்லாம் மண்புழுதானா?

இல்லை. வெள்ளையாகக் கொழுத்து, பழுப்புத் தலையோடு வளைந்து சுருண்டு கிடந்தால் அது வண்டின் புழு, வேர்ப்புழு. உயிருள்ள வேரைத் தின்னும், உடனே பொறுக்கிவிடுங்கள். கண்ணாடி போன்ற உடம்பும் கறுப்புத் தலையும் இருந்தால் மண்ணில் பறக்கும் சின்ன ஈக்களின் புழு, மேல்மண்ணைக் கொஞ்சம் காய விட்டால் குறையும். அரை அங்குலத்துக்கு வெள்ளை நூல் போலக் கூட்டமாகத் தெரிந்தால் அவை மண்புழுவின் சொந்தக்காரர்களே, தொந்தரவில்லை. சுத்தியல் போன்ற தலையோடு, வழவழப்பாக, நாடா போலத் தட்டையாக ஊர்வது தட்டைப்புழு. அது மண்புழுவைத் தின்பது. வெறுங்கையால் தொடாமல், வெட்டவும் செய்யாமல், எடுத்து உப்பு நீரில் போடுங்கள். வெட்டினால் ஒவ்வொரு துண்டும் தனிப் புழுவாகிவிடும்.

மண்புழுவையும் வெட்டினால் இரண்டாகுமாமே?

பொதுவாக ஆகாது. வால் பக்கம் கொஞ்சம் போனால் தலைப்பக்கம் பிழைக்க வாய்ப்பு உண்டு, வால் துண்டு பெரும்பாலும் செத்துப்போகும். கிளறும்போது கூர்மையான கரண்டியை விட்டுவிட்டுக் கையால் கிளறுங்கள்.

மேல்மண்ணில் சின்னச் சின்ன உருண்டைகளாகக் குவிந்திருக்கிறதே?

புழுவின் எச்சம்தான், நல்ல அறிகுறி. அதை அகற்ற வேண்டாம். ஆனால் பல மாதம் ஆனபின் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். மட்கு தின்னப்பட்டு மண் மட்டம் இறங்கும், மேலே புதிதாகச் சேர்க்க வேண்டும். நுண்ணிய எச்சம் அடியில் படிந்து துளையை அடைக்கும், மாதம் ஒருமுறை குச்சியை விட்டுப் பாருங்கள்.

வீட்டுக்குள் வைக்கும் செடிகள், கள்ளி வகைகள்?

வேண்டாம். கள்ளிக்கு மண் நன்றாகக் காய்ந்து காய்ந்து ஈரமாக வேண்டும், புழுவுக்கு அது மரணம். வீட்டுக்குள் இருக்கும் சின்னத் தொட்டியில் தீனியும் இல்லை, இடமும் இல்லை.

புழு இல்லாமல் மண்புழு உரம் மட்டும் போட்டால் போதுமா?

பெரும்பாலான தொட்டிகளுக்கு அதுதான் என் முதல் யோசனை. தனியாக ஒரு நிழலான பெட்டியில் புழுவை வளர்த்து, அங்கிருந்து உரத்தை எடுத்துத் தொட்டிகளுக்குப் போடுங்கள். மண்கலவையில் பத்தில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு வரை போதும். அதற்கு மேல் போனால் கலவை கனத்து, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வேரைத் திணறடிக்கும். சலிக்காத உரத்தில் முட்டைக்கூடுகள் இருக்கும். தொட்டிச் சூழல் ஒத்துவந்தால் நீங்கள் விடாமலேயே குட்டிப் புழுக்கள் தலைகாட்டும்.

ஏற்கனவே சின்னத் தொட்டியில் விட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

இன்றைக்குச் சாயங்காலமே எடுத்துவிடலாம். தொட்டியைச் சாய்த்து, ஓரத்தைத் தட்டி, மண்கட்டியை முழுசாக வெளியே எடுங்கள். புழுக்கள் பெரும்பாலும் வெளிப்பக்கமாக, சுவரை ஒட்டியோ அடிப்பாகத்திலோ இருக்கும். கையை நனைத்துக்கொண்டு எடுங்கள், காய்ந்த விரல் அதன் தோலில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். பாதி வெளியே தெரிகிற புழுவைப் பிடித்து இழுக்காதீர்கள். உடம்பில் இருக்கும் சின்ன முட்களை மண்ணில் ஊன்றிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் அறுந்துவிடும். சுற்றியுள்ள மண்ணை மெதுவாக உதிர்த்தால் தானாக வந்துவிடும். எடுத்ததை மட்குக் குப்பையிலோ புழுப் பெட்டியிலோ விட்டு, மேலே ஈரச் சருகைப் போட்டு மூடுங்கள். செடியை அதே மண்ணோடு திரும்ப வைத்து, மேலே இரண்டு பிடி மண்புழு உரத்தைத் தூவித் தண்ணீர் ஊற்றுங்கள்.